தாய்ச் செடிக்குச் சிவப்பு நூல்

எங்கள் ஊர் வட்டவடை. கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மூணாற்றிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். குளிர்ந்த மலை ஊர். கேரளம்தான். ஆனாலும் ஊரில் பெரும்பாலோர் பேசுவது தமிழ். மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டி விவசாயம் செய்கிறோம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், கோஸ், பீன்ஸ் எல்லாம் விளையும். கொஞ்ச காலமாக ஸ்ட்ராபெரியும் விளைகிறது.

ஸ்ட்ராபெரி. இந்தச் சொல்லைப் படிக்கக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஸ்-ட்-ரா-பெ-ரி. கரும்பலகையில் இதை எழுதியபோது வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். "பழம் சின்னது. பேரு பெரிசு" என்றார் ஒரு பாட்டி.

மாலை நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். வகுப்புக்கு வருபவர்கள் என்னை டீச்சர் என்கிறார்கள். விவசாயத்தில் அவர்கள்தான் எனக்கு டீச்சர். இந்தப் பாடத்தில் பாதி அவர்களிடம் கேட்டது. மீதி புத்தகத்தில் படித்தது.

ஒரு நாள் ஒரு அக்கா வகுப்புக்கு ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். பலகைக்கு முன்னால் வைத்தார்.

"இதைப் பாருங்க டீச்சர். போன வருஷம் காய்ச்ச செடியோட பிள்ளைதான் இது. நானே கொடி எடுத்து வச்சேன். தாய் காய்ச்சுது. பிள்ளை ஏன் காய்க்கலை?"

அக்காவுக்குப் பத்து சென்ட் நிலம். முதல் வருடம் குழுவில் கடன் வாங்கி 300 நாற்று வாங்கினார். நன்றாகக் காய்த்தது. கடனில் பாதி அடைந்தது. வெயில் காலம் வந்ததும் செடியிலிருந்து கொடி ஓடியது. கொடியில் குட்டிச் செடி வந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். இனி நாற்றுக்குக் காசு வேண்டாம் என்று நினைத்தார். எந்தச் செடியில் அதிகக் கொடி இருந்ததோ அதிலிருந்து எல்லாம் எடுத்தார். 300 குட்டிகளை நட்டார்.

அடுத்த வருடம் இலை சுருங்கியது. செடி குள்ளமாகவே நின்றது. பழம் நெல்லிக்காய் அளவுகூட வரவில்லை. கடனில் மீதிப் பாதி அப்படியே நின்றது.

அக்கா செய்ததில் எது சரி? எது தவறு? முதலில் கொடியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

கொடி என்பது என்ன?

வல்லாரைக் கீரையைப் பார்த்திருப்பீர்கள். ஈர மண்ணில் படர்ந்து போகும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். அங்கே புதுச் செடி வரும். அருகம்புல்லும் அப்படித்தான். கல்யாணத்தில் 'அருகு போல் வேரோடி வாழ்க' என்று பெரியவர்கள் வாழ்த்துவது இதைப் பார்த்துத்தான்.

ஸ்ட்ராபெரியும் இப்படிப் பரவும் செடி. செடியின் நடுவில் குருத்து இருக்கிறது. அதிலிருந்துதான் இலையும் பூவும் வருகின்றன. வெயில் கூடி, பகல் நீளும்போது, குருத்தின் பக்கத்திலிருந்து மெல்லிய தண்டு ஒன்று கிளம்பும். தரையோடு ஓடும். நாம் இதைக் கொடி என்கிறோம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஓடுதண்டு என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

கொடியை உற்றுப் பாருங்கள். முதல் கணுவில் பெரும்பாலும் செடி வராது. இரண்டாவது கணுவில் வரும். அது முதல் குட்டி. பிறகு கொடி மேலும் ஓடும். ஒரு கணு விட்டு அடுத்த கணுவில் இரண்டாவது குட்டி. இப்படியே போகும். முதல் குட்டி பெரிதாக இருக்கும். போகப் போகக் குட்டி சிறுத்துவிடும்.

குட்டி வேர் விடும் வரை அதற்குத் தண்ணீரும் சத்தும் எங்கிருந்து வருகின்றன? தாயிடமிருந்துதான். கொடி வழியாக வருகின்றன. நம் தொப்புள்கொடி மாதிரி. இதை நான் சொன்னதும் வகுப்பில் இருந்த பாட்டி, "அப்படின்னா தாய்க்குச் சீக்குன்னா பிள்ளைக்கும் சீக்குதானே?" என்றார். பாட்டி ஊரில் பிரசவம் பார்த்தவர். புத்தகத்தில் நான் நாலு பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

விதையிலிருந்து ஏன் வளர்ப்பதில்லை?

ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேலே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு விதை உண்டு. ஒரு பழத்தில் சுமார் 200 இருக்கும். அதை விதைத்தால் முளைக்கும். ஆனால் முளைப்பது தாயைப் போல இருக்காது. இன்று நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரி ஒரு கலப்புச் செடி. சுமார் 270 வருடங்களுக்கு முன்னால் பிரான்சு நாட்டில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இரண்டு வகைச் செடிகள் கலந்து உண்டானது. அதன் விதையில் ஒன்று ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி வரும். ஒன்று இனிக்கும். ஒன்று புளிக்கும்.

கொடியில் வரும் குட்டி அப்படி இல்லை. அது தாயின் அச்சு. தாய் இனித்தால் குட்டியும் இனிக்கும். அதனால்தான் எல்லா ஊரிலும் கொடியிலிருந்து நாற்று எடுக்கிறார்கள்.

இந்தியாவில் ஸ்ட்ராபெரிக்குப் பேர் போன இடம் மகாபலேஸ்வர். மகாராஷ்டிராவில் சாத்தாரா மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர் ஸ்ட்ராபெரிக்கு 2010ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே சில விவசாயிகள் அமெரிக்கா, இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து தாய்ச் செடி வரவழைக்கிறார்கள். மகாபலேஸ்வரில் மழை கொட்டித் தீர்க்கும். அந்த மழையில் நாற்று அழுகிவிடும். அதனால் கீழே மழை குறைவான வாய் என்ற ஊர்ப் பக்கம் நாற்று வளர்க்கிறார்கள். (வாய் என்பது ஊரின் பெயர்தான். நான் முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன்.) மழை ஓய்ந்ததும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அந்தக் கொடி நாற்றைத் தோட்டத்தில் நடுகிறார்கள்.

நம் பக்கத்துக்கு வரும் நாற்றும் பெரும்பாலும் மகாராஷ்டிராவிலிருந்து வருவதுதான். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் வர வேண்டும். ஒரு வருடம் எங்கள் ஊருக்கு வந்த பெட்டிகளைத் திறந்தபோது பாதி நாற்று வெந்து கறுத்திருந்தது. கொடுத்த காசு திரும்பி வரவில்லை. அதனால் நாமே நாற்று எடுக்க வேண்டும் என்று அக்கா நினைத்தது சரிதான். எடுத்த விதத்தில்தான் தவறு.

அக்கா எங்கே தவறினார்?

கொடி வரும் காலம் வேறு. பழம் வரும் காலம் வேறு. கொடி வரும்போது செடியில் பழம் அநேகமாக முடிந்திருக்கும். அப்போது பார்த்தால் எது நன்றாகக் காய்த்த செடி, எது காய்க்காத செடி என்று தெரியாது. எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்.

அது மட்டுமல்ல. குறைவாகக் காய்த்த செடியில் பல நேரம் கொடி அதிகம் ஓடும். பழத்துக்குப் போக வேண்டிய சத்து கொடிக்குப் போய்விடுகிறது. அக்கா அதிகக் கொடி உள்ள செடியைத் தேடித் தேடி எடுத்தார். தெரியாமலே, காய்க்காத செடியைப் பெருக்கிவிட்டார். அதில் சிலவற்றுக்கு நோயும் இருந்தது. இலை சுருங்குவது வைரஸ் நோயின் அடையாளம். வைரஸ் கண்ணுக்குத் தெரியாத கிருமி. அசுவினிப் பூச்சி அதை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். கொடி வழியாகக் குட்டிக்கும் போகும். வந்துவிட்டால் அதற்கு மருந்து இல்லை. பிடுங்கி எரிப்பதுதான் வழி.

அப்படியானால் தாயை எப்போது தேர்ந்தெடுக்க வேண்டும்? பழம் காய்க்கும்போதே.

பழம் பறிக்கப் போகும்போது கையில் கொஞ்சம் சிவப்பு நூல் எடுத்துக்கொள்ளுங்கள். நிறையக் காய்த்த செடி, பெரிய பழம் தந்த செடி, இலை பச்சையாக விரிந்து நிற்கும் செடி. இவற்றின் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நூலைக் கட்டுங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று நான்கு பறிப்பு பாருங்கள். ஒவ்வொரு பறிப்பிலும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். எழுத நேரம் இல்லை என்றால் கோடு போதும்.

நூல் கட்டிய செடியைப் பிறகும் கவனிக்க வேண்டும். இலை சுருங்கினாலோ, மஞ்சள் பாய்ந்தாலோ, குள்ளமாக நின்றாலோ நூலை அவிழ்த்துவிடுங்கள். கொடியில் கறுப்புப் புண் இருந்தாலும் வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மெல்லிய நூலாம்படை போல இருந்தால் சிலந்திப் பேன் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குட்டியை எடுத்தால் பேனும் கூடவே வரும்.

குட்டியை எடுப்பது எப்படி?

பழம் காய்க்கும் காலத்தில் வரும் கொடியை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழம் சிறுக்கும். பழம் குறைந்த பிறகு, நூல் கட்டிய செடியில் மட்டும் கொடியை விடுங்கள். அதில் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். பூவைக் கிள்ள மனசு வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் ஒரே செடி பழத்தையும் பிள்ளையையும் சேர்த்துத் தாங்காது. கொடியும் எல்லாம் வேண்டாம். ஒரு செடிக்கு நல்ல கொடியாக நான்கு அல்லது ஐந்து போதும்.

சின்ன பாலிதீன் பை எடுத்துக்கொள்ளுங்கள். பால் கவர்கூடப் போதும். கழுவி, அடியில் நான்கு ஓட்டை போடுங்கள். ஒரு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய சாணம் கலந்து நிரப்புங்கள். மட்காத சாணம் வேரைச் சுட்டுவிடும். ஸ்ட்ராபெரி நோய் கண்ட பாத்தியிலிருந்து மண் எடுக்காதீர்கள்.

பையைத் தாய்ச் செடிக்குப் பக்கத்தில் வையுங்கள். குட்டியைத் தாயிடமிருந்து வெட்டாமல், கொடியோடு, பையின் மண்மேல் உட்கார வையுங்கள். குட்டியின் அடியில் சின்ன முண்டு முண்டாக வேர் எட்டிப் பார்க்கும். அது மண்ணைத் தொட வேண்டும். குட்டி அசையாமல் இருக்க, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைத் தண்ணீரில் ஊற வைத்து, கொண்டை ஊசி போல வளைத்து, கொடியின்மேல் குத்துங்கள். குட்டியின்மேல் குத்த வேண்டாம். ஈர்க்கு ஒடிந்துபோனால் ஒரு சின்னக் கல்லைக் கொடியின்மேல் வைத்தாலும் போதும்.

பாத்தியில் கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்தவர்கள் கவனியுங்கள். தாளின்மேல் குட்டி வேர் விட முடியாது. வெயிலில் தாள் சுட்டு, வேர் கருகிவிடும். கொடியை வாய்க்கால் பக்கம் திருப்பி, அங்கே பையை வையுங்கள்.

இன்னொன்று முக்கியம். குருத்தை மண்ணில் புதைக்கக் கூடாது. புதைத்தால் அழுகும். ரொம்ப மேலே தூக்கி வைத்தால் வேர் காய்ந்துவிடும். வேர் மண்ணுக்குள், குருத்து மண்ணுக்கு மேலே. தோட்டத்தில் நடும்போதும் இதே கணக்குத்தான்.

மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். சேறாக வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடித்துவிடும். எப்படித் தெரியும்? குட்டியை மெதுவாக, மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். வராமல் பிடித்துக்கொண்டால் வேர் விட்டிருக்கிறது. தினமும் இழுத்துப் பார்க்காதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு அண்ணன் தினம் காலையில் இழுத்துப் பார்த்து, கடைசியில் கையோடு கொண்டுவந்தார்.

வேர் பிடித்த பிறகு கொடியை வெட்டலாம். கத்தரியைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுங்கள். ஒரு தாய்ச் செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மறுபடியும் முக்குங்கள். தாய்ப் பக்கம் இரண்டு விரற்கடை கொடியைக் குட்டியோடு விட்டு வெட்டுங்கள். வெட்டிய உடனே நட வேண்டாம். ஒரு வாரம் நிழலில் வையுங்கள். காலையில் இலை ஓரத்தில் முத்து முத்தாக நீர் நின்றால் குட்டியின் வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பனி இலை முழுதும் இருக்கும். இது ஓரத்தில் மட்டும் நிற்கும்.

மழைக் காலத்தில் பைகளை மேடான இடத்தில் வைத்து, மேலே வெளிச்சம் போகும் பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். பக்கங்களில் காற்று போகட்டும்.

ஒரு கேள்வி

"கடையில் வாங்கிய செடியை நாமே பெருக்கினால் கம்பெனிக்காரர் கேஸ் போடுவாரா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி.

2001ஆம் ஆண்டு இந்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் என்று பெயர். அதன்படி விவசாயி தன் தோட்டத்தில் விளைந்த விதையை, நடு பொருளை, சேர்த்து வைக்கலாம். திரும்ப நடலாம். பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கலாம். விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் செய்யலாம். ஆனால் அந்த ரகத்தின் பெயரைப் பாக்கெட்டில் அச்சடித்து, முத்திரை போட்டு விற்கக் கூடாது. நாற்று வாங்கும்போது யாராவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். புரியாவிட்டால் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

அக்கா பிறகு என்ன செய்தார்?

சுருங்கிய செடிகளை எல்லாம் பிடுங்கி எரித்தார். எரிக்கும்போது பேசவே இல்லை. அந்தப் பாத்தியில் பூண்டு போட்டார். வேறு பாத்தியில் நடக் கொஞ்சம் நல்ல நாற்று மட்டும் வாங்கினார். பழம் வந்தபோது 12 செடிக்குச் சிவப்பு நூல் கட்டினார். வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் 'தாய் 1, தாய் 2' என்று 12 வரை எழுதினார். முதலில் 'தாய்' என்பதில் காலை விட்டுவிட்டு 'தய்' என்று எழுதினார். பிறகு அவரே பார்த்துத் திருத்தினார்.

வெயில் காலத்தில் இரண்டு செடியில் இலை சுருங்கியது. நூலை அவிழ்த்துப் பிடுங்கிவிட்டார். மீதி 10. ஒவ்வொன்றிலும் நான்கு கொடி. ஒவ்வொரு கொடியிலும் முதல் இரண்டு குட்டி. மழையில் 14 குட்டி அழுகியது. மீதி எல்லாம் பிழைத்தது. அந்த வருடம் தேவைப்பட்ட 200 நாற்றில் மீதியை வாங்கிக்கொண்டார். சொந்தக் குட்டியை ஒரு பாத்தியிலும், வாங்கியதை வேறு பாத்தியிலும் நட்டார். எது எப்படிக் காய்க்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இது நான் சொல்லிக் கொடுத்தது அல்ல.

சொந்தக் குட்டி நன்றாகவே காய்த்தது. கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எத்தனை வருடம் இப்படிச் சொந்தக் குட்டியை எடுக்கலாம்? நோய் மெல்ல மெல்லச் சேரும். அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுத் தாய்ச் செடி வாங்குவது நல்லது. 300 வாங்க வேண்டாம். நல்ல இடத்தில், நோயில்லாத திசு வளர்ப்புச் செடியாக 20 வாங்கினால் போதும். அதிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம்.

கணக்குப் போடுங்கள்

அக்காவிடம் 10 தாய்ச் செடி. ஒவ்வொன்றிலும் 4 கொடி. ஒவ்வொரு கொடியிலும் 2 குட்டி. மொத்தம் எத்தனை குட்டி? அதில் 14 அழுகியது. பிழைத்தது எத்தனை?

200 நாற்று தேவை. அக்கா எத்தனை நாற்று வாங்கியிருப்பார்? ஒரு நாற்று 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு எவ்வளவு மிச்சம்?

எழுதுங்கள்

ஒரு சின்ன அட்டையில் இதை எழுதிக் குச்சியில் கட்டுங்கள். மழையில் மை கரையும். பென்சிலால் எழுதினால் நிற்கும்.

தாய் எண்: ........
ரகத்தின் பெயர்: ........
நூல் கட்டிய தேதி: ........
கொடியைப் பையில் வைத்த தேதி: ........
வெட்டிய தேதி: ........